அளக்காத ரெக்கார்டு, எழுதாத ஷெட்

தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் பி.இ. படித்த யாரைக் கேட்டாலும் ஒரு சோதனை ஞாபகம் இருக்கும். தெர்மல் லேப், 'வால்வு டைமிங் டயகிராம்'. உள்ளே தெரியும்படி குறுக்கே வெட்டி வைத்த பழைய என்ஜின் ஒன்று இருக்கும். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வால்வு திறக்கும்போது சாக்பீஸில் ஒரு கோடு, மூடும்போது ஒரு கோடு. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஒரு கோடு, அதுதான் டிடிசி. அடியில் நிற்கும்போது இன்னொன்று, பிடிசி. அப்புறம் நூலை வைத்து ஃப்ளைவீலின் சுற்றளவை அளந்து, கோடுகளுக்கு நடுவில் இருக்கும் வில்லின் நீளத்தை 360-ஆல் பெருக்கி, சுற்றளவால் வகுத்தால் டிகிரி கிடைத்துவிடும். கடைசியில் ரெக்கார்டு நோட்டில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் படம். மார்க் போட்டுவிடுவார்கள்.

ரேஸ் கார் ஷெட்டில் இதே வேலைக்கு வேறு பெயர். 'கேம் டிகிரி பண்றது' என்பார்கள். என்ஜினில் புதிய கேம்ஷாஃப்ட் மாட்டும்போது அது கிராங்க்ஷாஃப்டோடு எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து, தேவையான கோணத்துக்கு நகர்த்தி வைப்பது. நூலுக்குப் பதிலாக டிகிரி வீல், கண்ணுக்குப் பதிலாக டயல் கேஜ். மற்றபடி சோதனை ஒன்றுதான். ஆனால் நான் படித்த கல்லூரியில் இதை யாரும் சொன்னதில்லை. 'இந்த எண் 5 டிகிரி தள்ளிப்போனால் வண்டி என்ன ஆகும்?' என்ற கேள்வி வைவாவில் வந்ததும் இல்லை. சீனியர் ரெக்கார்டில் இன்டேக் வால்வு எத்தனை டிகிரியில் திறந்ததோ, அதே டிகிரியில்தான் வருஷா வருஷம் எல்லா பேட்சுக்கும் திறந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். என்ஜின் விஷயத்தில் நம்மிடம் இரண்டு பழக்கம் இருக்கிறது. கல்லூரி அளக்காமல் எழுதுகிறது. ஷெட் எழுதாமல் அளக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காததால் நாம் இழந்தது நிறைய. சென்னையின் கார் பந்தயச் சரித்திரத்தில் பாதி அதில் அடக்கம் என்பது என் துணிபு.

முதலில் அடிப்படைக் கணக்கு. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு தடவை சுற்றும், கேம் ஒரு தடவை. 720-க்கு 360. அதனால் கேமில் 1 டிகிரி பிசகினால் கிராங்கில் அது 2 டிகிரி. வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரும், எப்போது மூடும் என்பதையெல்லாம் கேமின் மேடு தீர்மானிக்கிறது. மேட்டின் வடிவத்தை அரைத்தவர் முடிவு செய்துவிட்டார், அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்த மேடு பிஸ்டனின் ஓட்டத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்பது மாட்டுகிறவர் கையில் இருக்கிறது. முன்னால் தள்ளி வைத்தால் கீழ் வேகத்தில் இழுவை கூடும். பின்னால் தள்ளி வைத்தால் மேல் வேகத்தில் ஓட்டம் கூடும், கீழே சோர்ந்துபோகும். இதற்கு முக்கியக் காரணம் இன்டேக் வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் அந்த வால்வு கொஞ்ச நேரம் திறந்திருக்கும். வேகமாக ஓடும்போது உள்ளே வரும் கலவைக்கு வேகம் இருப்பதால் அது தொடர்ந்து நுழையும். மெதுவாக ஓடும்போது அந்த வேகம் இல்லை. பிஸ்டன் அதைத் திருப்பி வெளியே தள்ளிவிடும்.

இதையெல்லாம் ஏன் அளக்க வேண்டும், புள்ளிக்குப் புள்ளி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு புள்ளி, கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு புள்ளி, இரண்டையும் நேராக வைத்துச் செயினை மாட்டு. கம்பெனி என்ஜினுக்கு, கம்பெனி கேமுக்கு, புதிதாக இருக்கும்வரை அது போதும். புள்ளி என்பது தொழிற்சாலை நமக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கு எதையெல்லாம் நம்பிக் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால், பழைய வண்டியில் அதில் ஒன்றுகூட மிச்சமிருக்காது.

செயின் தேய்ந்து நீண்டிருக்கும். நீண்டால் கேம் பின்தங்கும். பெல்ட் போட்ட என்ஜினில், மாருதி 800 மாதிரி கேம் தலைமேல் இருக்கும் என்ஜினில், சிலிண்டர் ஹெட்டை ஃபேஸிங் பண்ணினால் கேம் கிராங்குக்குக் கிட்டே வந்துவிடும், அப்போதும் பின்தங்கும். எவ்வளவு? 9.525 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பல், 40 பல் உள்ள கேம் புல்லி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 381 மில்லிமீட்டர். ஹெட்டில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் கேமில் 0.47 டிகிரி, கிராங்கில் கிட்டத்தட்ட 1 டிகிரி. சூடாகி கேஸ்கட் போய் இரண்டு மூன்று தடவை ஃபேஸிங் பார்த்த வண்டி நம்ம ஊர்ல எத்தனை ஓடுது! 'பல்லு மாத்தி வெச்சா சரியாயிடும்' என்பவர்களும் உண்டு. அதே 40 பல் புல்லியில் ஒரு பல் என்றால் கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18. 2 டிகிரி கோளாறுக்கு 18 டிகிரி வைத்தியம்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது நம் நாட்டுக்கே உரியது. ஆங்கிலத்தில் என்ஜின் டியூனிங் பற்றி வந்த கையேடுகளைப் படித்தால் (லஸ் நடைபாதைக் கடைகளில் ஒரு காலத்தில் நிறையக் கிடைத்தன) கேம் டிகிரி பண்ணும் பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும்: கேமோடு வந்த கார்டை எடுத்து வைத்துக்கொள். கேமை அரைத்த நிறுவனம் லிஃப்ட் இவ்வளவு, இன்டேக் இங்கே திறக்கும், இங்கே மூடும், மேட்டின் நடு இங்கே என்று அச்சடித்துக் கொடுத்திருக்கும். அளப்பது அந்தக் கார்டு சொல்வது சரியா என்று பார்ப்பதற்கு. அங்கே அளவை என்பது சரிபார்ப்பு.

இங்கே கார்டு எங்கிருந்து வரும்? இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டியிருந்த காலத்தில் வெளிநாட்டு ரேஸ் கேம் வாங்குவது ராஜாக்களுக்கும் பெரிய தொழிலதிபர்களுக்கும்தான் முடியும். மற்றவர்கள் கம்பெனி கேமையே எடுத்துப்போய் வேறு வடிவத்துக்கு அரைத்து வாங்கினார்கள். இன்றைக்கும் பழைய ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு வழி பெரும்பாலும் அதுதான். மேட்டின் உச்சியை அப்படியே விட்டுவிட்டு, மற்ற வட்டத்தைச் சிறிதாக அரைப்பார்கள். அடி குறைந்தால் உயரம் கூடும், அவ்வளவுதான் சூத்திரம். அரைக்கும்போது சாவிக் காடியிலிருந்து மேட்டின் நடு எந்தக் கோணத்தில் விழுகிறது என்பது அரைக்கும் மெஷினில் கேமை எப்படிப் பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. 2 டிகிரி அங்கே போனால் கிராங்கில் 4 டிகிரி. அப்படி வந்த கேமுக்குப் புள்ளிக்குப் புள்ளி வைப்பது, வேறொருவர் ஜாதகத்தை வைத்து நமக்கு முகூர்த்தம் குறிப்பது போல.

ஆக, இங்கே அளப்பது சரிபார்ப்பு இல்லை. அளந்தால்தான் கார்டே பிறக்கும். அதை எழுதி வைக்காவிட்டால் அந்தக் கேமைப் பற்றி உலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த வித்தியாசத்தை ஆங்கிலக் கையேடும் சொல்வதில்லை, நம் பாடப் புத்தகமும் சொல்வதில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். மந்தைவெளியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பிரீமியர் பத்மினி இருக்கிறது. 1,089 சி.சி., 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அரைத்து வாங்கிய கேம் ஒன்றை ஒரு ஷெட்டில் மாட்டிக்கொண்டார். 'மேல போனா பறக்குது, அடையாறு சிக்னல்ல செத்துப்போகுது' என்றார். கேம் மாட்டிய இடத்தில் கார்புரேட்டரைக் குறை சொல்லி, சோலெக்ஸில் ஜெட் மாற்றி, மறுபடி மாற்றி, மூன்று மாதம் ஓட்டிவிட்டார்கள். டைமிங்கை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் புள்ளி நேராக இருந்தது.

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், சோழவரம் நாட்களில் பந்தய என்ஜின் கட்டியவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரிடம் அலுமினியத் தகட்டில் கையாலேயே கோடு வெட்டிய டிகிரி வீல் ஒன்று உண்டு, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. பெரிதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 1 டிகிரி என்பது 2.6 மில்லிமீட்டர், கண்ணால் பாதி டிகிரிகூடப் படிக்கலாம்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வீலைக் கிராங்கின் மூக்கில் மாட்டினார். பிளாக்கில் ஒரு போல்ட்டிலிருந்து கம்பியை வளைத்து முள்ளாக வைத்தார். ராக்கரைக் கழற்றினார், வால்வெல்லாம் மூடிக்கொண்டன. ஸ்பார்க் பிளக் ஓட்டையில், பீங்கானை உடைத்து எடுத்துவிட்டுப் போல்ட் ஏற்றிய பழைய பிளக் ஒன்றை முடுக்கினார். பிஸ்டன் மேலே வரும்போது அதில் இடித்து நிற்கும். ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது, எல்லாம் கையால்தான். ஒரு பக்கம் சுற்றி இடித்த இடத்தில் வீல் 34 காட்டியது. எதிர்ப்பக்கம் சுற்றி இடித்தபோது 28. இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் வீல் 3 டிகிரி தள்ளி இருக்கிறது. சரிசெய்து இரண்டு பக்கமும் 31 வரும்படி வைத்தார். இப்போது வீலில் பூஜ்யம் எங்கே இருக்கிறதோ அதுதான் உண்மையான டிடிசி.

கண்ணால் பார்த்து உச்சியைக் குறித்தால் என்ன என்று லேப் சோதனை கேட்கும். 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில், உச்சியிலிருந்து கிராங்க் 5 டிகிரி திரும்பும்போது பிஸ்டன் இறங்குவது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்கு அது நின்றபடியே இருக்கும். கல்லூரியில் சாக்பீஸ் கோடு போட்டோமே, அது இந்த 10 டிகிரி அகலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் விழுந்திருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் வால்வு 4.5 டிகிரியில் திறந்தது என்று தசமம் வரை எழுதினார்கள்.

அடுத்து முதல் சிலிண்டர் இன்டேக். புஷ்ராடின் தலையில் டயல் கேஜை நிறுத்தினார். கேமின் மேடு உச்சிக்கு வரும் இடத்தில் முள்ளைப் பூஜ்யம் ஆக்கினார். மேட்டின் உச்சியும் பிஸ்டனின் உச்சி மாதிரிதான், சில டிகிரிக்கு அசையாது. அதனால் இங்கேயும் அதே தந்திரம். உச்சிக்கு 1.27 மில்லிமீட்டர் கீழே, ஏறும் பக்கம் ஒரு அளவு, இறங்கும் பக்கம் ஒரு அளவு. டிடிசிக்குப் பின் 76, டிடிசிக்குப் பின் 152. கூட்டி இரண்டால் வகுத்தால் 114. ஒவ்வொரு அளவுக்கும் கிராங்கை ஓடும் திசையில் மட்டுமே சுற்றி வந்தார். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப முன்னால் வந்தார். இல்லாவிட்டால் செயினில் இருக்கும் தொய்வு அளவில் கலந்துவிடும்.

எக்ஸாஸ்ட்டிலும் அதே மாதிரி. டிடிசிக்கு முன் 140, டிடிசிக்கு முன் 64. நடு 102. இப்போது 114-ஐயும் 102-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 108. இது கேமிலேயே அரைக்கப்பட்ட இடைவெளி, யாரும் மாற்ற முடியாது. இந்தக் கேம் நேராக உட்கார்ந்தால் இன்டேக் 108, எக்ஸாஸ்ட் 108 என்று வர வேண்டும். வந்தது 114, 102. ஆக, புள்ளி நேராக இருந்தும் கேம் 6 டிகிரி பின்தங்கி நின்றது. கார்டு இல்லாமலேயே கேம் தன் கதையைச் சொல்லிவிட்டது.

சோலெக்ஸில் ஒரு குற்றமும் இல்லை. கேம் ஸ்ப்ராக்கெட்டை 3 டிகிரி முன்னே நகர்த்தினார், கிராங்கில் 6. முன்னே நகர்த்தினால் இன்டேக் வால்வு பிஸ்டனுக்குக் கிட்டே வரும். அதனால் ராக்கரை மாட்டி, பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தை வெட்டி அளந்தார். இன்டேக்கில் 2.9 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் 3.4. இன்டேக்குக்கு 2, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 இருந்தால் போதும் என்பது பொது வழக்கம். தப்பித்தோம். இதைப் பார்க்காமல் 'கொஞ்சம் அட்வான்ஸ் வை' என்று நகர்த்தியவர்கள் வளைந்த வால்வைக் கையில் பிடித்துக்கொண்டு ஜி.பி. ரோட்டில் நிற்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் நான் கேட்டேன். "அண்ணே, இந்த நம்பரையெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? சோழவரம் வண்டிங்களுக்கு வெச்சதெல்லாம்?"

சிரித்தார். "எழுதி வெச்சா என்ன ஆவும் சார்? நாளைக்கு அந்த நோட்டு இன்னொரு ஷெட்ல இருக்கும். நான் வூட்ல இருப்பேன்."

இந்தப் பதிலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'நம்ம மெக்கானிக்குகளுக்கு எழுதும் பழக்கமே கிடையாது' என்று படித்தவர்கள் சொல்லுவோம். அது சோம்பலோ அறியாமையோ இல்லை. பெயர் வராத தொழிலில், பேட்டன்ட் இல்லாத தொழிலில், எண்தான் அவருடைய ஒரே சொத்து. அதை எழுதினால் அது முதலாளியுடையது ஆகிவிடும். மனசில் வைத்திருக்கும்வரை அவரை வேலைக்குக் கூப்பிட்டாக வேண்டும். கோபம் வர வேண்டுமென்றால் அந்த ஏற்பாட்டின் மேல்தான் வர வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கு நாம் சூட்டிய அழகான பெயர் 'கைராசி'. 'அவர் கை பட்டா வண்டி ஓடும்', 'சத்தத்தை வெச்சே சொல்லிடுவார்' என்றெல்லாம் சொல்கிறோம். கேட்கப் பாராட்டு போலத்தான் இருக்கும். என்னைப் பொறுத்தவரை அது ஒரு திருட்டு. மேலே நான் எழுதிய வரிசையைப் பாருங்கள். அதில் எங்கே ராசி இருக்கிறது? நிற்கிற இடத்தை அளக்க முடியாது, அதனால் நகரும் இடங்கள் இரண்டை அளந்து நடுவை எடு என்பது ஒரு கணிதச் சிந்தனை. ஒரே திசையில் சுற்று என்பது பிழை நீக்கம். இதைக் கல்லூரியில் ஒருவர் செய்தால் 'எக்ஸ்பெரிமென்டல் மெத்தட்' என்போம். ராயப்பேட்டையில் ஒருவர் செய்தால் கைராசி என்கிறோம். ராசி என்று சொல்லிவிட்டால் அவருக்கு அறிவுக்கான கூலி கொடுக்க வேண்டாம், அவருக்குப் பிறகு அதை யாரும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

காதால் கண்டுபிடிப்பது பொய் என்று சொல்லவில்லை. அனுபவமுள்ள காது கோளாறு இருக்கிறது என்று சொல்லும், இந்தப் பெரியவருடைய காதும் சொன்னது. ஆனால் காது சொல்வதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 114 என்பதைக் கொடுக்கலாம்.

இங்கேதான் சோழவரம் பற்றி எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் குறை வருகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில், நகரத்துக்கு வடக்கே, பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது, சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். இதையெல்லாம் நினைவுகூரும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வருகின்றன. நான் ஒன்று விடாமல் படிப்பவன். கோண்டல் இளவரசர் வந்தார், விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார், கோவையிலிருந்து கரிவர்தன் வந்தார். அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்ததையும், அவர் மாருதி என்ஜினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் அடுத்த தலைமுறைக்குப் பள்ளிக்கூடமாக இருந்ததையும் எழுதுகிறார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் தேவை.

ஆனால் ஒரு ஹெரால்டோ ஃபியட்டோ அங்கே எப்படி அந்த வேகம் போனது? 948 சி.சி. என்ஜின், இங்கேயே அரைத்த கேம். அதன் இன்டேக் எத்தனை டிகிரியில் மூடியது? ஓடுபாதைத் தடத்தில் நீண்ட நேர்கோடு, மேல் வேகம்தான் முக்கியம். ராலிக்குப் போனால் மண் பாதை, திருப்பத்துக்குத் திருப்பம் கீழிருந்து இழுக்க வேண்டும். ஒரே என்ஜினை இரண்டுக்கும் வைத்தவர்கள் கேமை நகர்த்தினார்களா, எவ்வளவு? நான் படித்த நினைவுக் கட்டுரைகளில் இதற்கு ஒரு எண்கூட இல்லை. கூட்டம் இருக்கிறது, தூசி இருக்கிறது, சத்தம் இருக்கிறது, கோப்பை வாங்கியவர் பெயர் இருக்கிறது. என்ஜின் மட்டும் 'டியூன் செய்யப்பட்ட' என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விடுகிறது. கச்சேரி விமர்சனம் எழுதுகிறவர் புடவையின் நிறத்தைச் சொல்லிவிட்டு ராகத்தின் பெயரை விட்டுவிட்டால் மயிலாப்பூரில் சும்மா விடுவார்களா? சபா வாசலிலேயே சண்டை நடக்கும். என்ஜினுக்குச் சண்டை போட ஆள் இல்லை.

அளந்து எழுதுவது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1802 ஏப்ரலில் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே போனார். இந்தியாவின் முக்கோண அளவைக்கு முதல் கோடு அது. 220 வருஷம் கழித்தும் அதைப் பற்றி நாம் பேச முடிவதற்குக் காரணம் சங்கிலி இல்லை, குறிப்பேடு. கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். சங்கிலி பிடித்த கூலியாட்களின் பெயர் அந்தக் குறிப்பேட்டில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராயப்பேட்டைப் பெரியவருடைய பயம் அன்றைக்கே தொடங்கிய பயம்.

'ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதெல்லாம் எதற்கு?' என்பது நியாயமான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கின்றன. அதோடு, இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்தாற்போலத் திறந்திருக்கும் நேரம் கூடிய கேம் ஐடிலில் எரியாத பெட்ரோலை வெளியே விடும், புகைச் சோதனையில் மாட்டும். தி.நகரில் பத்தடிக்கு ஒரு தடவை நிற்கும் வண்டிக்கு ரேஸ் கேம் வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அளப்பதற்கு ரேஸ் கேம் தேவையில்லை. ஹெட் ஃபேஸிங் பார்த்த, செயின் தேய்ந்த, சாதாரணக் கேம் உள்ள வண்டிக்கும் இதே அரை நாள் வேலைதான். 'வயசாயிடுச்சு சார், இழுக்காது' என்று கைகழுவப்பட்ட எத்தனையோ என்ஜினுக்கு வயசாகவில்லை, கேம் பின்தங்கியிருக்கிறது.

என்ன செய்யலாம்? கிண்டி தொழிற்பேட்டையில் ஐ.டி.ஐ. புத்தகங்களைத் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது, தமிழிலும் வெளியிடுகிறார்கள். அங்கேயும் கல்லூரி லேபிலும் அந்தப் பழைய சோதனையை எடுத்துவிட வேண்டாம். வெட்டிய என்ஜினோடு நிறுத்தாமல், ஓடுகிற வண்டி ஒன்றின் கேமை அளக்கச் சொன்னால் போதும். விடை சீனியர் ரெக்கார்டில் இருக்காது. ஷெட் பக்கம், அளந்தவர் பெயர் போட்ட கார்டு வேண்டும். பெயர் இருந்தால் எண் திருடு போகாது, பெயரோடுதான் போகும். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் மூடிக்குள் தேதியும் கையெழுத்தும் கீறி வைப்பார்களே, அந்த மாதிரி.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். பெயர் வேண்டாம், ஆனால் எண்ணைப் போட்டுக்கொள் என்றார். முதல் எழுத்தாவது என்று கேட்டேன். "ஜி போடு, போதும்" என்றார். ஆக, மந்தைவெளிப் பத்மினியின் கார்டு இது. கேம் உள்ளூரில் அரைத்தது. எல்லா அளவும் டாப்பெட் 1.27 மில்லிமீட்டர் உயர்ந்த இடத்தில், கிராங்க் டிகிரியில்.

இன்டேக் திறப்பது டிடிசிக்கு முன் 2. மூடுவது பிடிசிக்குப் பின் 38. மொத்தம் 220. மேட்டின் நடு 108.
எக்ஸாஸ்ட் திறப்பது பிடிசிக்கு முன் 38. மூடுவது டிடிசிக்குப் பின் 2. மொத்தம் 220. மேட்டின் நடு 108.
மாட்டியபடி இருந்தது: இன்டேக் நடு 114, மூடியது பிடிசிக்குப் பின் 44. முன்னே நகர்த்தியது 6.
வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி: இன்டேக் 2.9, எக்ஸாஸ்ட் 3.4 மில்லிமீட்டர்.
அளந்தவர்: ஜி, ராயப்பேட்டை.

வண்டி சிக்னலில் இப்போது சாவதில்லை. கம்பெனி ஜெட்டையே திரும்பப் போட்டாயிற்று.

பழைய என்ஜின் கட்டிய பெரியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், கோப்பை யார் வாங்கினார் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் இன்டேக் எத்தனையில் மூடியது என்று கேளுங்கள். பதில் சொன்னால், அவர் பெயரையோ முதலெழுத்தையோ பக்கத்தில் போட்டு எழுதி வையுங்கள்.